இரண்டாவது குழாய்

ஜூன் 12, புதன்

டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். மூன்று நாளைக்கு என்ன குடிக்கிறேன், எவ்வளவு மூத்திரம் போகிறேன், நடுவில் எப்போதெல்லாம் நனைகிறேன் என்று குறித்துக்கொண்டு வரவேண்டுமாம். கோடு போட்ட தாள் ஒன்று கொடுத்தார்கள். அதில் நனைவதற்கு விட்டிருந்த இடம் ஒரு விரல் அகலம். எனக்கு அது எந்த மூலைக்கு? ஐஸ் கம்பெனிக்காரன் வருடா வருடம் கொடுக்கும் டைரி சும்மாதான் கிடக்கிறது. மூத்திரக் கணக்கு எழுதவாவது உதவட்டும்.

பெயர் எமரன்சியா. வயது முப்பத்தேழு. தூத்துக்குடி. இறால் கம்பெனியில் சூப்பர்வைசர். நோய், ஒழுகுவது. எவ்வளவு நாளாக என்று நர்ஸ் கேட்டாள். பிறந்ததிலிருந்து என்றேன். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்தாள்.

நான் இதற்காகப் போகவில்லை. இதற்காக ஆஸ்பத்திரிப் படி ஏறுவதை விட்டுப் பல வருடம் ஆகிறது. போன மாதம் இடது விலாவுக்குக் கீழே வலியும் குளிர்காய்ச்சலுமாகப் படுத்துவிட்டேன். காய்ச்சல் பார்த்தவர்தான் திருநெல்வேலியில் இந்தச் சிறுநீரக டாக்டரிடம் அனுப்பினார். பெயர் நாகூர்கனி. சின்ன வயது. வலியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தவர், நான் உட்காராமல் நிற்பதைப் பார்த்து ஏன் என்றார். நாற்காலி நனைந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. காய்ச்சல் அசதியாக இருக்கும்.

"இப்படி ஒழுகுறது போக, நீங்க நார்மலாவும் பாத்ரூம் போறீங்களா?" என்று கேட்டார்.

"போறேன்."

"முட்டிக்கிட்டு வருமா? அடக்க முடியுமா?"

"எல்லாரையும் போலத்தான் சார். அடக்குவேன், போவேன். போயிட்டு வந்தாலும் ஒழுகும்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இத இதுக்கு முன்னாடி யாரும் உங்ககிட்ட கேக்கலையா?"

யாரும் கேட்கவில்லை. சோம்பல் என்றார்கள். பயம் என்றார்கள். நரம்புத் தளர்ச்சி என்று ஒருவர் ஊசி போட்டார். சுனாமிக்குப் பிறகு வந்த மனநல டாக்டர் எப்போதோ இறந்த அப்பாவின் துக்கம் என்றார். தொடையில் இரண்டு இடத்தில் சூடு போட்ட தழும்பு இருக்கிறது, அது அத்தை வைத்தியம். போகிறாயா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்கும் அது சொல்லவேண்டிய விஷயம் என்று தோன்றியதில்லை. மூத்திரம் போகாத மனுஷி உண்டா?

எனக்கு நம்பிக்கை எல்லாம் ஒன்றும் வரவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பி வந்தேன்.

ஜூன் 13, வியாழன்

அளவுக் குவளையைக் கம்பெனிக்கு எடுத்துப்போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. காலையில் முந்நூறு. பதினொரு மணிக்கு இருநூற்றைம்பது. டாக்டர் கொடுத்த தாளில் நனைவதற்கு நேரே ‘எப்போதும்’ என்று எழுதினேன். மறுபடியும் ‘எப்போதும்’. மூன்றாவது வரியில் எரிச்சல் வந்து ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

மீன்பிடித் தடை நாளை முடிகிறது. போட்டெல்லாம் கடலுக்குப் போய்த் திரும்பினால் கம்பெனியில் நிற்க நேரம் இருக்காது. உரிக்கிற ஷெட்டில் அறுபது பெண்கள், கம்பூட்ஸும் ரப்பர் ஏப்ரனும் போட்டுக்கொண்டு ஐஸ் தண்ணீரில் நிற்கிறோம். தரை நனைந்திருக்கும், துணி நனைந்திருக்கும், எல்லார் மேலும் இறால் நாற்றம் அடிக்கும். பி.ஏ., பி.எட். படித்துவிட்டு இங்கே ஏன் வந்தாய் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். டீச்சர் சம்பளத்தைவிட இங்கே அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பருவம் வேலை பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு படித்தார்கள். இங்கே யாரும் பொத்துவதில்லை. பொத்தினால் இறாலை எந்தக் கையால் உரிப்பது?

ஜூன் 15, சனி

அம்மா இன்றும் நான் எழுவதற்குள் விரிப்பை அலசிப் போட்டுவிட்டாள். முப்பத்தேழு வருடமாக, அக்கம்பக்கம் கதவு திறக்கும் முன்பு அவள் இதை முடித்துவிடுகிறாள். அம்மா பெயர் மிக்கேலம்மாள். அப்பா போட்டில் டிரைவராக இருந்தார், எனக்குப் பத்து வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதற்குப் பிறகு அவளும் நானும்தான். ஊரில் யார் யாரைப் பற்றியோ எனக்குக் கோபம் உண்டு, அம்மாவைப் பற்றி இல்லை. சூடு போட்ட அன்றைக்குக்கூட அத்தையின் கையைத் தட்டிவிட்டவள் அவள்தான், கொஞ்சம் தாமதமாக.

ரெமிஜியூஸ் நினைவு வந்தது. எனக்குத் தாலி கட்டியவன். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா, "அங்க போயி அடிக்கடி குளி, கறுப்புப் பாவாடை கட்டு, ஒண்ணும் தெரியாது" என்று சொல்லி அனுப்பினாள். தெரிந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முன்பே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். குறையை மறைத்துக் கல்யாணம் செய்தோம் என்று நாங்களே எழுதிக் கொடுத்த பிறகு, பிஷப் கோர்ட்டில் நடந்த கோவில் வழக்கில் அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று தீர்ந்தது. மறைத்தது உண்மைதான். எனவே அழவும் எனக்கு உரிமை இருக்கவில்லை. அவனுக்கு இப்போது மூன்று பிள்ளைகள்.

ஜூன் 19, புதன்

இரண்டு நாளாக ஒரு மாத்திரை. அதைப் போட்டால் மூத்திரம் ஆரஞ்சு நிறமாகும். இன்று ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, டியூப் வழியாக மூத்திரப்பைக்குள் நீல மருந்தை நிரப்பினார்கள். பிறகு கீழே வெள்ளைத் துணி வைத்து நடக்கச் சொன்னார்கள். துணி நீலமானால் பை ஒழுகுகிறது. ஆரஞ்சானால் பைக்கு வெளியே எங்கிருந்தோ ஒழுகுகிறது. அவ்வளவுதான் சோதனை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னாலும் விளங்கும்.

வராந்தாவில் மேலும் கீழும் நடந்தேன். அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். திரும்பி வந்து துணியை எடுத்தபோது நர்ஸ், "சார், ஆரஞ்சு!" என்று கத்தினாள். டாக்டர் எழுந்தே வந்துவிட்டார். ஒரு துளி நீலம் இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையனைப் போல இருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. என் ஈரத்தைப் பார்த்து ஒருவர் சிரித்த முகமாக நிற்பது இதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் ஸ்கேன்.

ஜூன் 20, வியாழன்

ஆரஞ்சு. கடையில் வெளிர் நீலத்தில் ஒரு சுடிதார் பார்த்தேன். சும்மா பார்த்தேன்.

ஜூன் 26, புதன்

டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார். எல்லாருக்கும் ஒவ்வொரு சிறுநீரகத்திலிருந்தும் ஒரு குழாய் இறங்கி மூத்திரப்பையில் போய்ச் சேரும். எனக்கு இடது பக்கம் இரண்டு குழாய். ஒன்று ஒழுங்காகப் பையில் சேர்கிறது. இரண்டாவது, பையைத் தாண்டிப் போய், பிள்ளை பிறக்கும் வழியில் திறந்திருக்கிறது. அங்கே அடைக்க மூடி கிடையாது. ஆகவே சொட்டிக்கொண்டே இருக்கும். மற்றதெல்லாம் சரியாக இருப்பதால் நான் மற்றவர்களைப் போல மூத்திரமும் போவேன், ஒழுகவும் செய்வேன்.

"கருவுல உருவாகும்போதே வர்றது. யாரோட தப்பும் இல்ல. அந்தக் குழாய வெட்டி, பையில சேத்துத் தைச்சுட்டா முடிஞ்சுது. பெரியவங்ககிட்ட இத நான் இப்பத்தான் முதல்முதலா பாக்குறேன். ரொம்ப அபூர்வம். சின்ன வயசுலயே தெரிஞ்சிருக்கணும்."

பக்கத்தில் இருந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே, "இதையேத்தான் சார் அந்த மதுர லேடி டாக்டரும் சொன்னா. ரெண்டு குழா இருக்கும் போலுக்குன்னு" என்றாள்.

நேற்று வாங்கிய வெங்காயத்தின் விலையைச் சொல்வது போலச் சொன்னாள். டாக்டர் அவளைப் பார்த்தார்.

"எப்பம்மா அது?"

"இவ வயசுக்கு வாறதுக்கு முந்தி. பன்னெண்டு வயசிருக்கும்."

மேஜைமேல் பிளாஸ்டிக் சிறுநீரகம் ஒன்று இருந்தது. இரண்டாகத் திறந்து மூடலாம். நான் அதைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஆப்பரேஷன் ஜூலை 11.

ஜூன் 27, வியாழன்

கம்பெனியில் லோடு அதிகம். வெளியே சாப்பிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

வெளியே சாப்பிட்டேன். புது கம்பூட்ஸ் வாங்கினேன். பழையது நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

மதுரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம். ஒரு பெரிய ஆஸ்பத்திரி. என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அம்மா மட்டும் டாக்டரிடம் பேசினாள். அப்புறம் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தாள். நான் ஒன்று குடித்து முடித்ததும் கேட்காமலே இன்னொன்று வாங்கிக் கொடுத்தாள். என் சின்ன வயதில் சந்தோஷமான நாள் எது என்று யாராவது கேட்டிருந்தால் அந்த நாளைத்தான் சொல்லியிருப்பேன்.

பூசை முடிந்து வந்ததும் அம்மா முற்றத்தில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றேன்.

"மதுரயில அந்த லேடி டாக்டர் என்ன சொன்னாவ?"

அவள் நிமிரவில்லை. "அதான் சொன்னேன்லா. ரெண்டு குழா இருக்கும் போலுக்கு, ஆப்பரேஷன் செஞ்சா சரியாப் போவும்னா."

"செஞ்சிருக்கலாம்லா?"

"அதுக்கு முந்தி உள்ள கருவி விட்டுப் பாக்கணும்னா. அந்த எடத்துல. வயசுக்கு வராத பிள்ள. கன்னி கழிஞ்சிராதான்னு கேட்டேன். அவ சிரிச்சா. பக்கத்துல நின்ன நர்சும் சிரிச்சா. ‘ஏம்மா, மாப்பிள்ள ஒம் பிள்ளைக்கு டெஸ்ட் வெச்சுத்தான் தாலி கட்டுவானா?’னா. எந்திரிச்சு வந்துட்டேன்."

"வேற டாக்டர்ட்ட போயிருக்கலாம்லா?"

"எவகிட்டப் போனாலும் அங்கதானட்டி பாக்கப் போறா."

"எங்கிட்ட ஏன் சொல்லல? அப்ப சொல்லல, சரி. எனக்கு இருவது வயசுல சொல்லிருக்கலாம். கல்யாணத்துக்கு முந்தி சொல்லிருக்கலாம். ரெமிஜியூஸ் வீட்ல கொண்டாந்து விட்டாவள, அன்னைக்காவது சொல்லிருக்கலாம்."

அம்மா ஒரு மீனை எடுத்தாள், வைத்தாள். "சொல்லிருந்தா நீ என்னையச் சும்மா விட்டிருப்பியா?" என்றாள். பிறகு, "ஒனக்கு ஒரு நல்லது நடக்கணும்னுதாம்ட்டி செஞ்சேன். ஒத்தப் பொம்பள. வேற என்னத்தச் செய்ய?"

"நடந்துச்சா?"

அம்மா மீன் தலையைப் பூனைக்குப் போட்டாள். எனக்கு அவள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. சாளைக் குழம்பு எனக்குப் பிடிக்கும், இன்று பசிக்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

அலசிப் போட்டிருந்த விரிப்பை எடுத்து நானே மறுபடி அலசினேன். சோப்புப் போதவில்லை என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

சேர்த்துக்கொண்டார்கள். கூட இருக்க ஒரு ஆள் வேண்டும், கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். இரண்டுக்கும் எனக்கு ஒரே ஆள்தான். வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

மாணவர்கள் கூட்டமாக வந்தார்கள். டாக்டர் நாகூர்கனி முதலில் என்னிடம் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் அவர்களைக் கூட்டி வந்தார். என்னை ஒரு மாநாட்டில் சொல்லப் போகிறாராம், பெயர் போடாமல். அபூர்வம், அபூர்வம் என்று அந்தச் சொல்லை நாலைந்து தடவை கேட்டேன். பிறந்ததிலிருந்து அசிங்கம் என்றுதான் கேட்டிருக்கிறேன். அபூர்வமும் அசிங்கமும் ஒரே துணியில்தான் நனைகிறது.

ஒரு பையன், "ஏன் இவ்ளோ லேட்டா வந்தீங்க?" என்று கேட்டான்.

"பஸ் கெடைக்கல" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனாள்.

ஜூலை 11, வியாழன்

காலையில் கொண்டுபோகிறார்கள். பயம் இல்லை. இதை இரண்டு தடவை எழுதிவிட்டு ஒன்றை அடித்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

அடிவயிற்றில் இடது பக்கம் தையல். மூத்திரத்துக்கு டியூப் போட்டிருப்பதால் நனைகிறேனா இல்லையா என்று நம்ப முடியவில்லை. இரும வந்தால் உயிர் போகிறது. அம்மா என் வயிற்றில் தலையணையை வைத்து அமுக்கிப் பிடிக்கிறாள், அப்போது வலி தெரிவதில்லை. அவள் கையைத் தட்டிவிடத் தோன்றுகிறது. இருமல் நிற்கும்வரை பொறுத்துக்கொள்கிறேன்.

டாக்டர் வந்தார். எல்லாம் நன்றாக நடந்தது, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது என்றார்.

ஜூலை 20, சனி

நேற்று டியூபை எடுத்தார்கள். ராத்திரி துணி வைக்காமல் படுத்தேன். வைக்கவேண்டாம் என்று டாக்டர் சொன்னார். காலையில் எழுந்து கையால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மெத்தை காய்ந்திருந்தது. பாவாடை காய்ந்திருந்தது. தொடை காய்ந்து, எனக்கே வேறு யாரையோ தொடுவது போல இருந்தது.

சந்தோஷத்தில் அழுவேன் என்று நர்ஸ் காத்துக்கொண்டிருந்தாள். அழுதேன். அது சந்தோஷம் இல்லை. இவ்வளவுதானா என்றுதான் அழுதேன். ஒரு காலைப்பொழுது வேலை. இதற்காகவா பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன், ஹாஸ்டலை விட்டு ஓடி வந்தேன், ஐஸ் தண்ணீரில் பதினான்கு வருடம் நின்றேன்? குணமாகாத நோயாக இருந்திருந்தால் தலைவிதி என்று கிடந்திருப்பேன். இப்போது அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

அம்மா என் பாவாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாதாவே" என்றாள். அதற்கு மேல் ஏதாவது சொல்வாள் என்று சாயங்காலம்வரை பார்த்தேன். இல்லை, பார்க்கவில்லை. படுத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாதா கோவில் திருவிழா. அம்மா மெழுகுதிரி பிடித்து வந்தாள். கேட்கிறவர்களிடமெல்லாம் எனக்குக் குடல்வால் ஆப்பரேஷன் என்று சொல்கிறாள். குடல்வால் வலது பக்கம். எனக்கு வெட்டியது இடது பக்கம். பக்கமெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டு இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

உள்ளே வைத்திருந்த சின்னக் குழாயையும் எடுத்தாயிற்று. இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார் டாக்டர். அவர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தேன். பஸ்ஸிலும் உட்கார்ந்தேன். தூத்துக்குடி வரும்வரை நிற்கிறவர்களுக்கு எழுந்து இடம் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் கல்யாணத் தரகர் சேவியர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள்.

"மொத கல்யாணத்தப் பத்திச் சொல்லியாச்சு, மாப்பிள்ள குடிகாரன்னு சொல்லிருக்கு" என்றாள் அம்மா. ரெமிஜியூஸ் பீடிகூடக் குடிக்கமாட்டான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

அன்றைக்குக் கடையில் பார்த்த வெளிர் நீலச் சுடிதாரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளை வந்தார், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், பெயர் கஸ்பார். அவருடைய அக்கா வியாகுலம் வந்தாள். அவள்தான் பேசினாள். கலர் சோடா குடித்தார்கள். மிக்சர் சாப்பிட்டார்கள். என் வேலை, என் படிப்பு, எல்லாம் கேட்டார்கள்.

"ஆஸ்பத்திரில கெடந்தியாமே, என்ன செஞ்சுது?" என்று கேட்டாள் வியாகுலம்.

அம்மா முந்திக்கொண்டாள். "குடல்வாலு. இப்பம் ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கா."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கத்தான் நினைத்தேன். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள், வாயை மூடு என்பதற்கு அவள் சுருக்குகிற மாதிரி. அந்தக் கண்ணுக்குப் பயந்துதான் ரெமிஜியூஸ் வீட்டில் கறுப்புப் பாவாடையோடு நடமாடினேன்.

"குடல்வாலு இல்ல" என்றேன். "எனக்குப் பிறவியிலயே மூத்திரக் குழா ஒண்ணு தப்பான எடத்துல தொறந்திருந்துச்சு. ராவும் பகலும் ஒழுகிட்டே இருக்கும். அதனாலதான் மொத கல்யாணம் நிக்கல, அவர் குடிகாரர் இல்ல. பன்னெண்டு வயசுல ஒரு டாக்டர் கண்டுபிடிச்சு ஆப்பரேஷன் செய்யச் சொன்னாவ. கன்னி கழிஞ்சிரும், கல்யாணம் ஆகாதுன்னு எங்கம்மா செய்யல. இப்பதான் செஞ்சோம். இப்ப ஒழுகல. வேற ஏதும் கேக்கணுமா?"

கஸ்பார் தரையைப் பார்த்தார். சேவியருக்கு மிக்சர் புரையேறியது. கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டார்கள், வியாகுலத்தின் கலர் பாதி அப்படியே இருந்தது.

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "இப்பம் என்னத்தட்டி கண்ட? எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே. இனி எவன் வருவான்?"

"எவனும் வராண்டாம்."

"நான் ஒனக்கு என்ன கொற வெச்சேன்? முப்பத்தேழு வருசம் ஒன் மூத்திரத்த அலசுன கை இது."

"அலசுன நீ. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தல."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதல்தடவையாக அவளை அழவைத்தேன். நன்றாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் வியாகுலம் தனியாக வந்து நின்றாள். குடையை மறந்துவிட்டாளாம். குடை அவள் கையிலேயே இருந்தது.

"அந்த டாக்டர் பேரு என்ன பிள்ள?" என்றாள்.

சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை என்பதையும் சொன்னேன்.

"எந் தங்கச்சி மவ. ஒம்பது வயசு. பாத்ரூமும் போறா, ஆனா ஜட்டி எப்பம் பாத்தாலும் நனஞ்சேதான் இருக்கு. பள்ளிக்கூடத்துல தனியா உக்கார வெச்சிருக்காவ. தங்கச்சி பிள்ளையப் போட்டு அடிக்கா." குரலை இறக்கினாள். "அந்த டாக்டர் ஆம்பளையோ?"

"ஆம்பளதான்."

"அங்க... பாப்பாவளோ?"

"பாப்பாவ. பாத்தாத்தான் தெரியும். ஒண்ணும் ஆகாது. புதன்கிழம காலைல பிள்ளையக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க, நானும் வந்து நிக்கேன்."

"தங்கச்சிட்ட கேக்கேன்" என்றாள். நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். "நான் வந்து கேட்டேன்னு யாருட்டயும் சொல்லிராத. பிள்ளைக்கு நாளைக்கு ஒரு நல்லது நடக்கணும்லா."

ஆகஸ்ட் 28, புதன்

லீவு போட்டுத் திருநெல்வேலிக்குப் போனேன். ஓ.பி. சீட்டுக் கொடுக்கும் இடத்தில் நின்றேன். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு, மறுபடி வலியா என்று கேட்டார். ஒரு சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்றேன். மதியம்வரை வரவில்லை.

செப்டம்பர் 4, புதன்

இன்றும் போனேன். வரவில்லை. மேனேஜர் இன்னொரு லீவு கேட்டால் சூப்பர்வைசர் வேலைக்கு வேறு ஆள் பார்ப்பேன் என்கிறார். பார்க்கட்டும்.

ஒன்பது வயதுப் பிள்ளைகளாகப் பார்த்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். எல்லாப் பிள்ளையும் காய்ந்துதான் இருக்கிறது.

செப்டம்பர் 5, வியாழன்

சேவியரைப் பிடித்து வியாகுலத்தின் தங்கை வீட்டு விலாசம் வாங்கினேன். அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். வேலை முடிந்து வந்ததும் அம்மா கேட்டாள். பத்து நாளாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

"அவ்வோ வீட்டு வெலாசம் ஒனக்கு எதுக்கு?"

வியாகுலம் யாரிடமும் சொல்லவேண்டாம் என்றுதான் கேட்டுக்கொண்டாள். சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளை, தனி பெஞ்ச், அடி, எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு புதன்கிழமை காத்திருந்ததையும், ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கே போகப்போவதையும் சொன்னேன். வாசலில் நிறுத்தித் திட்டினாலும் உள்ளே போய் உட்காருவேன் என்றேன்.

மானம் போய்விடும், அடுத்த வீட்டு விஷயம் உனக்கு எதற்கு என்றெல்லாம் ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"போறதுன்னா போ" என்றாள். "ஆனா அந்தப் பிள்ளைக்க அம்மாவ ஒண்ணும் சொல்லிராத. அவளுக்கு என்ன தெரியும், பாவம்."

சரி என்று நான் சொல்லவில்லை.